தொட்டால் நகராத முள்

"ஓடுதுங்க. ஆனா பொய் சொல்லுது."

கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு கோகிலா மேடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. மடக்கிய வெள்ளைக் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு, என் கடையின் ஒரே ஸ்டூலில் அவர் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்துவிட்டது, சண்டைக்கு வந்திருக்கிறார் என்று.

எனக்கும் சுருக்கென்றது. அதற்கு முந்தைய வாரம்தான் அதே கடிகாரத்தைப் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டு, சரிசெய்து கொடுத்திருந்தேன்.

"பொய் சொல்ல வழியே இல்லீங்க மேடம். செவுத்துல மாட்டி ஓடவிட்டு, நல்லாப் பார்த்துத்தான் குடுத்தேன்."

"எப்படிப் பார்த்தீங்க?"

"கண்ணாலதானுங்க."

"அதானே. நான் கண்ணால பாக்கறவளாங்க?"

கேட்டுவிட்டு நகத்தால் கடிகாரத்தின் மூடியைத் திறந்தார். ஆள்காட்டி விரலை முள்ளின் மேல் வைத்து எடுத்தார். பூவைத் தொடுவது போலத்தான் தொட்டார். "இப்ப நீங்க பாருங்க. நான் தொடறதுக்கு முன்னால எங்க இருந்துச்சோ அங்கியே இருக்குதா?"

இல்லை. மூன்றைத் தாண்டி நின்றிருந்த நிமிட முள் இப்போது மூன்றுக்கு முன்னால் நின்றது.

"ஒவ்வொரு தடவை மணி பாக்கறப்பவும் நானே மணியைக் கெடுத்துப்போடறேன். காலைல இருந்து நாலஞ்சு தடவை பார்த்தா, மத்தியானம் அரை மணி நேரம் தள்ளிப் போயிருது. இதுக்கு நான் பாக்காமயே இருந்துக்கலாம்."

சுவரில் ஓடவிட்டு, போனில் வரும் நேரத்தோடு ஒப்பிட்டு, ஒரு வினாடி பிசகவில்லை என்று மார்தட்டிக்கொண்டவள் நான். அந்த முள்ளை ஒரு தடவைகூட நான் தொட்டுப் பார்த்திருக்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய அலாரம் கடிகாரக் கதையைப் படித்துவிட்டு, "உங்களைத் திணற வைத்த கடிகாரம் ஏதாவது உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இதுதான் அம்மா அது. ரொம்பப் பழைய கதையும் இல்லை, கைபேசிகள் எல்லாம் வந்து கடிகாரம் கட்டுவதையே பலர் விட்டுவிட்ட இந்தக் காலத்தில் நடந்தது.

மணி அடிப்பவரா, தலைமையா?

கோகிலா மேடம் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் சரித்திரப் பேராசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லை. அவருடைய கடிகாரம், சாவி கொடுத்து ஓட்டும் பழைய வகை. கண்ணாடி மூடியைத் திறக்கலாம். உள்ளே எண்களுக்குப் பதில் மேடான புள்ளிகள், தொட்டாலும் வளையாத தடித்த முட்கள். விரலை வைத்தால் மணி தெரியும். இப்போது யாரும் இந்த மாதிரியைச் செய்வதில்லை.

"பேசற வாட்ச் இருக்குதுங்களே மேடம்?" என்று நானும் கேட்டேன். எல்லோரும் கேட்கும் கேள்விதான் போலும், பதில் தயாராக இருந்தது.

"இருக்குது. கிளாசு நடுவுல அமுக்குனா, கடைசி பெஞ்சு வரைக்கும் மணி கேக்கும். உடனே பசங்க புத்தகத்தை மூடிப்போடுவாங்க. நீங்கெல்லாம் ஒருத்தர் பேசறப்பவே ஓரக்கண்ணுல மணி பார்த்துக்கறீங்கல்ல? நான் மணி பார்த்தா மட்டும் ஊருக்கே தெரியோணுமா?"

"அதிர்ற வாட்ச்சு?"

"அதுவும் வாங்கிப் பார்த்தேன். சின்ன முள்ளுக்கு இத்தனை தடவை, பெரிய முள்ளுக்கு இத்தனை தடவைன்னு அது உதறி முடிக்கற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கோணும். எதிர்ல பேசறவர் என்ன சொன்னார்ங்கறது போயிரும்."

அதற்குப் பிறகுதான் உண்மையான அவசரத்தைச் சொன்னார். அடுத்த மாதக் கடைசியில் கல்லூரியில் ஒரு கருத்தரங்கம். அதற்கு அவர் தலைமை. இத்தனை வருட வேலையில் முதல் தடவை. இதற்கு முன்பெல்லாம், "மேடத்துக்கு எதுக்குங்க சிரமம்" என்று மிக அன்பாக ஒதுக்கி வைத்துவிடுவார்களாம். தலைமை தாங்குகிறவருக்குப் பெரிய வேலையே நேரம் பார்ப்பதுதானே. ஆளாளுக்கு மைக்கைப் பிடித்தால் விடமாட்டார்கள், அவர்களை நிறுத்த வேண்டும். இந்தத் தடவை வற்புறுத்தித் தலைமையை வாங்கிவிட்டார். அதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு விரிவுரையாளர் மணியோடு உட்காருவார், நேரமானதும் அடிப்பார்.

"அப்ப மணி அடிக்கறவரு தலைமையா, நான் தலைமையாங்க?" என்றார் கோகிலா மேடம்.

அந்தக் கேள்வி என்னைக் குத்திவிட்டது. டவுன்ஹால் பக்கம் ஜவுளிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் என் கடை. எட்டிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கையில் இடுக்கியோடு புடவையில் உட்கார்ந்திருக்கும் என்னிடமே, "ரிப்பேர்காரர் எங்கீங்க?" என்று கேட்பார்கள். சாப்பிடப் போயிருக்கிறார், அரை மணி கழித்து வாங்க என்பேன். திரும்பி வரும்போதும் நான்தான் இருப்பேன். அந்த முகங்களைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

பறந்துபோன பாதி

நோய் எது என்று உடனே தெரிந்துவிட்டது. நிமிட முள் ஒரு சின்னஞ்சிறு எஃகுக் குழாயின் தலையில் உட்கார்ந்திருக்கும். அடியில் பல் வைத்த அந்தக் குழாய்க்குக் கேனன் பினியன் என்று பெயர். அது நடு அச்சைக் கவ்விப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால், தானாக ஓடும்போது ஒன்றும் தெரியாது. விரல் பட்டால் முள் வழுக்கும்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. குழாய்க்குள் ஊசியை விட்டு, வெளியிலிருந்து இலேசாக நெருக்கினால் பிடி இறுகும். எனக்கு முன்னால் இதைப் பார்த்த யாரோ அந்த வைத்தியத்தை ஏற்கெனவே செய்திருந்தார்கள். குழாயின் இடுப்பில் பழைய காயம் தெரிந்தது. இன்னும் ஒரு முறை தாங்கும் என்று நினைத்தேன்.

தாங்கவில்லை. இலேசான ஒரு சத்தம். குழாய் இரண்டாக ஒடிந்தது. கீழ்ப்பாதி இடுக்கியில் இருந்தது. மேல்பாதி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.

என் கணவர் ஜோசப் பஸ் கண்டக்டர். டியூட்டி இல்லாத நாளென்றால் கடைக்கு வந்து டீ வாங்கித் தருவார், என்னைக் கிண்டல் செய்வார். அன்று காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் மேய்த்தார். குண்டூசிகள் வந்தன, ஸ்டேப்ளர் கம்பிகள் வந்தன. நான் பாயை உதறி, புடவையை உதறி, செருப்பைத் தட்டிப் பார்த்தேன்.

"நானே தொலைஞ்சு போனாலும் இத்தனை தேட மாட்டே நீ," என்றார் ஜோசப்.

"நீங்க கிடைப்பீங்க. இது கிடைக்காது," என்றேன்.

கோகிலா மேடத்துக்கு அப்போதே போன் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"இனி என்ன பண்ணப் போறீங்க மேரி?"

"வேற கண்டுபுடிச்சுப் போடறேனுங்க."

"கிடைக்குமுங்களா?"

"உங்க கருத்தரங்கத்தன்னைக்கு இது உங்க கையில ஓடும். அது என்ற பொறுப்புங்க."

போனை வைத்த பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தையை விட்டுவிட்டேன் என்று உறைத்தது. இந்தக் கடிகாரத்தின் மெஷின் சாதாரணமானதுதான், அதில் ஒடிந்த வேறு எதுவாக இருந்தாலும் என் டப்பாவிலேயே மாற்று கிடைக்கும். ஆனால் அந்தக் குழாய் மட்டும் தனி. முள் தடிமன், புள்ளிகள் மேடு, அதனால் குழாயும் உயரம். எவ்வளவு உயரம் என்று சொல்ல வேண்டிய மேல்பாதிதான் பறந்துபோயிருந்தது.

விரல் படக் கூடாது

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

என் அப்பாவும் அம்மாவும் கோபிசெட்டிபாளையம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் பங்குக் கோயில் கன்னியாஸ்திரிகள் என்னைத் தொழிற்பயிற்சியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்து ஒரு கடிகார யூனிட்டில் வேலைக்கு அனுப்பினார்கள். பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்கள் வரும். வரிசையாக உட்கார்ந்து நாங்கள் பெண்கள் பொருத்துவோம். ஒருத்திக்குச் சக்கரம், ஒருத்திக்கு ஸ்பிரிங். எனக்குக் கிடைத்த நாற்காலி, முள் வைக்கும் நாற்காலி.

அங்கே முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம், முள்ளில் விரல் படக் கூடாது. வியர்வை பட்டால் கறுத்துவிடும், அழுத்தம் பட்டால் வளைந்துவிடும். விரல் நுனிக்கு ரப்பர் உறை போட்டுக்கொண்டுதான் வேலை. தப்பித் தவறித் தொட்டுவிட்டால் மேற்பார்வை பார்க்கும் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிவிட்டதென்றால், வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு நேரம் திருத்தும்போதுகூட முள்ளைத் தொட மாட்டேன்.

யூனிட் மூடியதும் நானே கடை போட்டேன். என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இதே பழக்கம்தான். தொடக் கூடாது என்று கற்றுக்கொண்டவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, தொடுவதற்கென்றே செய்த ஒரு கடிகாரத்தைத் தொடாமலே பழுது பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்று திருப்பித் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். எனக்கு முன்னால் மூன்று பேரிடம் போய்விட்டுத்தான் கோகிலா மேடம் என்னிடம் வந்தாராம். வந்த கோபத்தில் நியாயம் இருந்தது.

செத்த மெஷின்கள்

உதிரிப் பாகம் தேடுவது என்றால் கடையில் போய்க் கேட்பது இல்லை. பழைய கடிகாரங்களுக்குப் புதுப் பாகம் வருவது எப்போதோ நின்றுவிட்டது. இனி ஓடவே ஓடாது என்று கைவிட்டதைச் செத்த மெஷின் என்போம். அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். எல்லோரிடமும் டப்பா டப்பாவாக இருக்கும். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிருள்ள மெஷினில் கை வைத்து இன்னொன்றுக்குப் பாகம் எடுக்கக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறியவர் பெயர் கெட்டுவிடும்.

என் டப்பாக்களைக் கவிழ்த்துத் தேடினேன். உக்கடத்திலும் காந்திபுரத்திலும் தெரிந்தவர்களின் டப்பாக்களைத் தேடினேன். ரிப்பேர்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டேன். சேலத்திலிருந்து ஒருவர், மதுரையிலிருந்து ஒருவர், "அக்கா, சேம் டு சேம் இருக்குது" என்று அனுப்பி வைத்தார்கள். மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்துக் கூரியரில் வரும். ஆவலாகப் பிரித்துப் பொருத்தினால், குழாயின் தலை டயலுக்கு மேலே எட்டிக்கூடப் பார்க்காது. எல்லாம் சாதாரணக் கடிகாரத்துக் குட்டைக் குழாய்கள். யார்மீதும் தப்பில்லை. அவர்களில் யாரும் உயரமானதைப் பார்த்ததே இல்லை.

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு தம்பி பழைய கடிகாரங்கள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவரிடம் அச்சு அசலாக அதே கடிகாரம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. எனக்கு வாயெல்லாம் பல். அது உயிருள்ள மெஷின், பாகம் எடுக்க முடியாது. திறந்து உயரத்தை மட்டும் அளந்துகொள்கிறேன் என்று கேட்டேன்.

"இல்லீங்கக்கா, உறையைப் பிரிச்சா வேல்யூ போயிரும். இதுக்கு நான் சாவியே குடுத்தது இல்லீங்க," என்றார். மரியாதையான பையன், காபி எல்லாம் கொடுத்தார். ஓடவே கூடாத கடிகாரத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி, அதற்குள் ஒரு விளக்கு. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

கருத்தரங்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று கோகிலா மேடம் சொன்னார். அதில் அவர் பெயருக்குக் கீழேயே மணி அடிப்பவரின் பெயரும் 'நேர ஒருங்கிணைப்பாளர்' என்று வந்திருந்ததாம். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பவானி வாத்தியார்

கோகிலா மேடமும் சும்மா இருக்கவில்லை. அவரோடு பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர்களின் குழு ஒன்று போனில் இருக்கிறது. எல்லாம் குரல் செய்திதான். அதில் கேட்டு வைத்திருந்தார். பவானியில் ராமசாமி வாத்தியார் என்று ஒருவர், அரசுப் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இதே கடிகாரம் தன்னிடம் செத்துக் கிடப்பதாகவும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் பதில் போட்டிருந்தார்.

மறுநாளே சேலம் பஸ்ஸில் ஏறி, லட்சுமி நகரில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். ஜமக்காளத் தறிகள் தட்டும் சந்தில் அவர் வீடு. வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல், கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி மேசைமேல் தயாராக வைத்திருந்தார்.

"வாங்க அம்மணி. அது ஓடி வெகு காலம் ஆச்சுங்க. உங்களுக்கு எது வேணுமோ கழட்டிக்குங்க. கோகிலாவுக்கு ஆவுதுன்னா எனக்குச் சந்தோசம்."

சீக்கிரமே திறந்துவிட்டேன். டயலைக் கழற்றியதும், எத்தனையோ நாட்களாகத் தேடிய குழாய் நெட்டையாக நின்றது. கவ்வும் பிடி நன்றாக இருந்தது. இடுக்கியைக் கையில் எடுத்தேன். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? மெஷினைத் திருப்பி, தூசி போக ஊதுகுழலால் ஒரு ஊது ஊதினேன்.

உள்ளே, கடிகாரத்துக்கு இதயம் மாதிரியான பேலன்ஸ் சக்கரம் ஆடியது. ஒருமுறை, இன்னொருமுறை, பிறகு தானாகவே தொடர்ந்து ஆடியது. எண்ணெய் காய்ந்து பிசினாகி நின்றிருக்கிறது, வேறொன்றும் இல்லை. கழுவினால் இன்னும் இருபது வருடம் ஓடும். நேரம் பார்த்து உயிர் வருகிறதே உனக்கு என்று அதை மனதுக்குள் திட்டினேன். வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்தான். கோகிலா மேடத்தின் முகம் கண்முன் வந்து நின்றதில், நாக்கு எழவில்லை.

நான் சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரின் தலை சாய்ந்தது.

"ஓடுதுங்களா அது?"

தறிச் சத்தத்தை எல்லாம் தாண்டி அந்த டிக் டிக் அவருக்குக் கேட்டிருந்தது.

"ஓடுதுங்க," என்றேன். "இது செத்துப்போகலீங்க வாத்தியாரே. அழுக்குதான். கழுவிப்போட்டா ஜம்முனு ஓடும்."

"பரவாயில்லீங்க, எடுத்துக்குங்க. எனக்குத்தான் போன் இருக்குதே. ஊட்டுல சும்மா இருக்கறவனுக்கு மணி எதுக்குங்க?" என்றார். சொல்லும்போதே அவர் கை மேசையில் கடிகாரத்தின் பக்கம் நகர்ந்து, அதன் வாரைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? எடுக்க மாட்டேன் என்றேன். அவர் வற்புறுத்தினார், நான் மறுத்தேன். உள்ளேயிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் எதுக்குங்க இப்படிச் சத்தம் போடறீங்க?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "கழுவறதுக்கு எப்படியும் கோயமுத்தூர் கொண்டுபோகோணுமல்லங்க? கொண்டுபோங்க. அளவு எடுத்துக்குங்க. உங்க ஊர்ல பட்டறைக்கா பஞ்சம்?"

கிடைக்காவிட்டால் செய்துவிடு

அதைக் கேட்டு எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஊர் ஊராகத் தேடி அலைந்திருக்கிறேன். மோட்டார் என்ன, பம்ப் என்ன, மில் மெஷினுக்குப் பாகம் என்ன, எது கிடைக்கவில்லை என்றாலும், "எந்தப் பட்டறையில குடுக்கலாம்?" என்றுதான் இந்த ஊரில் அடுத்த கேள்வி வரும். கடிகாரக்காரர்களான நாங்கள் மட்டும் இன்னும் டப்பாவைக் கிளறிக்கொண்டிருக்கிறோம்.

கணபதியில் குமரவேல் என்பவர் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறார். பல் டாக்டர்கள் தாடையில் வைக்கும் குட்டித் திருகுகளைச் செய்கிறவர். வாத்தியாருடைய குழாயைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, இந்தப் பல்லு வெட்டறதுக்கு என்ற மெஷின் பத்தாதுங்க," என்றார்.

"பல்லு என்னட்ட இருக்குதுங்க. நெட்டைக் குழாய்தான் வேணும்," என்று, சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த குட்டைக் குழாய்களை எடுத்துக் கொட்டினேன். அடியில் இருக்கும் பல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு, மேலே உயரமான புதுக் குழாயை இறுக்கி ஏற்றிவிட்டால் போதும். கேட்கச் சுலபமாக இருக்கிறது அல்லவா? முதலில் செய்தது அச்சில் நுழையவே இல்லை. அடுத்தது நுழைந்து தொளதொளவென்று ஆடியது. அதற்கடுத்தது இறுகிப் பிடித்து மெஷினையே நிறுத்தியது. குமரவேலுக்கும் ரோசம் வந்துவிட்டது. டாக்டர்களுக்குத் தர வேண்டிய வேலையை ஓரம் கட்டிவிட்டு இதிலேயே உட்கார்ந்தார்.

ஒரு கட்டத்தில், "எத்தனை இறுக்கம் வேணும்னு ஒரு அளவு சொல்லுங்கக்கா," என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த அளவு என்னிடம் இல்லை, ஒரே ஒருவரின் விரலில்தான் இருந்தது. கோகிலா மேடத்தைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் குழாயை ஏற்றி, முள் வைத்துக் கொடுப்பேன். அவர் தொடுவார். முதலில் மெதுவாக, பிறகு கிளாசில் அவசரமாகப் பார்க்கிற மாதிரி, பிறகு கோபத்தில் இருக்கும்போது பார்க்கிற மாதிரி. "நகருது," என்று திருப்பித் தருவார். குமரவேல் கழற்றி மறுபடியும் கொஞ்சம் நெருக்குவார்.

"மேடம், பல்லு டாக்டருங்களே பரவாயில்லீங்க," என்றார் குமரவேல்.

"அவங்க வேலையில தப்பு இருந்தா நோவறது அடுத்தவன் வாய்தானுங்க," என்றார் மேடம்.

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒரு தடவை தொட்டார். மூடினார். திறந்து மறுபடி அழுத்தித் தொட்டார். என் பக்கம் நீட்டி, "நீங்க தொட்டுப் பாருங்க," என்றார்.

முள்ளைத் தொடுவதற்கு எனக்குக் கை வரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். முள் அசையவில்லை. அதன் நுனிக்குக் கீழே ஒரு புள்ளி, பக்கத்தில் சின்ன முள், அதற்குக் கீழே இன்னொரு புள்ளி. மணி என்னவென்று எனக்கும் தெரிந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பட்டறை நடுவில் நின்று அழுதுவிட்டேன்.

வாத்தியாரின் கடிகாரத்தைக் கழுவி ஓடவிட்டு, ஜோசப் பவானியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே வாத்தியார் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டிருந்தார். பேச்சு ஒன்றும் இல்லை, வெறும் டிக் டிக் மட்டும்.

பெரியவரும் சின்னவளும்

கருத்தரங்கத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். கடையை மூடிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மேடையில் நடுவில் கோகிலா மேடம். பக்கத்தில் நேர ஒருங்கிணைப்பாளர், முன்னால் பளபளவென்று ஒரு மேசை மணி.

முதலில் பேசியவர் வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர். தன் பேருரையை ஆரம்பித்து, தன் வெளிநாட்டுப் பயணத்துக்குள் நுழைந்து, வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். ஒருங்கிணைப்பாளரின் கை மணியின் மேல் போகும், வரும். அத்தனை பெரியவருக்கு முன்னால் அடிக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. கடிகாரம் கட்டிய மேடத்தின் இடது கை மேசைக்குக் கீழே இருந்தது. வலது கை அதன் மேல் போய், ஒரு நொடியில் திரும்பியது.

"ரொம்ப நன்றிங்க ஐயா. உங்க நேரம் முடிஞ்சுதுங்க," என்றார் மைக்கில்.

அவர் வாக்கியத்தின் பாதியில் நின்றார். அரங்கத்தில் ஒரு சலசலப்பு. என் முன்வரிசையில் இருந்தவர் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "கரெக்டா இருக்குதேப்பா," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். என் காதில் தேன் வந்து பாய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒழுங்காக முடித்துக்கொண்டார்கள். யாரையும் அவர் கூடுதலாகப் பேச விடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். கோபிப் பக்கத்துப் பெண். நாற்று நடும் கூலிப் பெண்களை நேரில் பார்த்துப் பேசி எழுதிய கட்டுரை. கம்ப்யூட்டர் மக்கர் செய்து, படம் வராமல், அவளுடைய நேரத்தில் பாதி அதிலேயே போயிற்று. தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டே வந்தவள், அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னதை அவள் சொன்ன பேச்சிலேயே வாசிக்க ஆரம்பித்தாள். பொழுது விடியும் முன்னால் வயலில் இறங்குவதும், எப்போது கரையேறலாம் என்பது பண்ணையக்காரர் வாயிலிருந்து வரும் வரைக்கும் குனிந்தே இருப்பதும். அது என் அம்மாவின் பேச்சாகவே இருந்தது. என் அம்மாவிடம் கடைசிவரை கடிகாரம் இருந்ததில்லை.

மேடத்தின் கை மேசைக்குக் கீழே போனது. நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் முடிந்துவிட்டிருந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாணவி வாசித்துக்கொண்டே போனாள். முன்வரிசையில் பெரிய மனிதர் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடைக்குக் கீழிருந்து யாரோ கையால் சைகை காட்டினார்கள். ஒருங்கிணைப்பாளருக்கு இப்போது துணிச்சல் வந்துவிட்டது, இந்தத் தடவை எதிரில் சின்னப் பெண்தானே. டங்கென்று அடித்தார்.

அந்தப் பெண் சட்டென்று நிறுத்தி, காகிதங்களை அள்ளத் தொடங்கினாள்.

கோகிலா மேடம் கையை நீட்டி, துழாவி, மணியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"மணி என்னன்னு எனக்குத் தெரியுமுங்க," என்றார் மைக்கில். பிறகு மாணவி நின்ற பக்கம் திரும்பினார். "நீ படி கண்ணு. அந்தம்மா சொன்னதை முழுசாப் படிச்சு முடி."

அவள் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து படித்தாள்.